மூலாதாரத்துக்குச் சிவப்புப் பூசியவர்கள்

“உங்களுக்கு ரூட் சக்ரா பிளாக் ஆகியிருக்கு” என்று, அதாவது மூலாதாரச் சக்கரம் அடைபட்டிருக்கிறது என்று, ஒரு ஹீலர் சொன்னால் அதை மறுக்க வழியே கிடையாது. ரத்தப் பரிசோதனையில் தெரியாது, எக்ஸ்ரேயில் விழாது, கை வைத்துப் பார்த்தாலும் தட்டுப்படாது. சொன்னவருக்கு மட்டும் தெரியும். அறிகுறிப் பட்டியலோ ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காது. பணக் கவலை, வேலை போய்விடுமோ என்ற பயம், சொந்த வீடு இல்லாத ஏக்கம், இடுப்பு வலி, மலச்சிக்கல், காலையில் எழுந்திருக்க முடியாத அசதி. மாதக் கடைசியில் இதில் இரண்டு மூன்றாவது இல்லாத ஆள் யார்? அடுத்து பரிகாரம் வரும். சிவப்பு உடுத்துங்கள், சிவப்பு விளக்குப் போடுங்கள், பீட்ரூட்டும் மாதுளையும் சாப்பிடுங்கள். பிறகு பாயில் படுக்கவைத்து, அடிவயிற்றுக்குக் கீழே ஒரு சிவப்பு ஜாஸ்பர், கால்மாட்டில் ஒரு கறுப்பு டூர்மலின். அமர்வுக்கு ஒரு கட்டணம், கல்லுக்குத் தனி விலை.

கேள்வி கேட்டால் மூன்று பதில் தயாராக இருக்கும். இது நம் சித்தர்கள் சொன்னது என்பார்கள். மசியவில்லை என்றால், விஞ்ஞானமே ஒத்துக்கொண்டுவிட்டது என்பார்கள். அதற்கும் மசியாவிட்டால், போகட்டும், இதனால் கெடுதல் ஒன்றும் இல்லையே என்பார்கள். மூன்றுமே தவறு. அதில் முதலாவதுதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. கல்லை விற்பதற்காக முன்னோர்மேல் பொய்ச்சாட்சி சொல்லும் பதில் அது.

சக்கரங்களின் நிறத்துக்கு எல்லோரும் கடைசியில் கைகாட்டுகிற நூல் ‘ஷட்சக்ர நிரூபணம்’. வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் சமஸ்கிருதத்தில் எழுதியது. அதன்படி மூலாதாரத் தாமரைக்கு நான்கு இதழ்கள், இதழ்கள் செந்நிறம். சிவப்பு வந்துவிட்டதே என்று கல் வியாபாரி துள்ள வேண்டாம், வர்ணனை இன்னும் முடியவில்லை. இதழ்களில் உள்ள எழுத்துகள் பொன்னிறம். தாமரையின் நடுவில் இருக்கும் சதுரம், அதாவது நிலம் என்ற பூதத்துக்கு உரிய மண்டலம், மஞ்சள். சதுரத்தைச் சுற்றி எட்டு ஈட்டிகள். உள்ளே லம் என்ற பீஜம், அதைத் தாங்கும் யானை, குழந்தை வடிவில் பிரம்மா, டாகினி என்ற சக்தி. ஒரு முக்கோணத்துக்குள் சுயம்பு லிங்கம், அதை மூன்றரைச் சுற்றாகச் சுற்றிக்கொண்டு உறங்கும் குண்டலினி. இத்தனையில் இதழின் நிறத்தை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு, ‘மூலாதாரம் சிவப்பு’ என்று அட்டை அடித்து மாட்டியிருக்கிறார்கள். நிலத்தோடு தொடர்புள்ள சக்கரம் என்றும் அதே அட்டை சொல்கிறது. அந்த நிலம் மஞ்சள் என்பது விடுபட்டுவிட்டது.

மற்ற சக்கரங்களில் இந்த அரைகுறைப் பொருத்தம்கூடக் கிடையாது. அட்டையில் தொப்புள் சக்கரம் மஞ்சள். பூர்ணானந்தரிடம் அதன் இதழ்கள் மழைமேகக் கருமை, நடுவில் செந்நெருப்பு முக்கோணம். அட்டையில் இதயம் பச்சை. அவரிடம் பந்தூகப் பூவின் செம்மை, நடுவில் புகை நிறம். தொண்டை அட்டையில் நீலம். அவரிடம் புகை கலந்த ஊதா இதழ்களுக்கு நடுவே முழுநிலா வெண்மை. நெற்றிக்கும் வெண்மை, உச்சந்தலைக்கும் வெண்மை. சக்கரத்தின் நிறமாகப் பச்சை ஓரிடத்திலும் இல்லை. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் படிக்கட்டு அங்கே இல்லவே இல்லை. ஏழு என்ற கணக்கும் உறுதியில்லை. நூலின் பெயரே ஆறு சக்கரம் என்கிறது, உச்சியில் உள்ள ஆயிரம் இதழ்த் தாமரை அந்தக் கணக்குக்கு அப்பால் நிற்கிறது. வேறு தந்திர நூல்களில் எண்ணிக்கை கூடும், குறையும். ஒரு மரபு ஐந்து என்றால் இன்னொன்று ஒன்பது என்னும். அதற்காக அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை. உடம்பைப் பிளந்து எண்ணிய உறுப்புகள் அல்ல அவை. கண்ணை மூடி உட்கார்ந்தவன் தன் உடலுக்குள் மனத்தால் வரைந்துகொள்ள வேண்டிய படங்கள். குரு மாறினால் படம் மாறும்.

தமிழில் தேடினாலும் இதே கதைதான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம், ஆறு ஆதாரங்கள் திருமூலருக்குப் பழகிய செய்தி. ஔவையார் பெயரில் வழங்கும் விநாயகர் அகவல் மூலாதாரத்தில் மூளும் கனலை மூச்சால் எழுப்புவதைப் பேசுகிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு அதை ஒப்பிக்காத வீடு குறைவு. திருவாரூரை மூலாதாரத் தலம் என்று சைவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கோயிலில் மூலாதார கணபதிக்குத் தனி இடமே உண்டு, அவ்வூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஸ்ரீ ராகத்தில் அவர்மேல் ஒரு கிருதியும் செய்திருக்கிறார். இவ்வளவு நெடுகப் பேசிய மரபில் அகவலோ திருமந்திரமோ இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்புக் கல்லை வைத்துப் படு என்று எங்கே சொன்னது? சித்த மருத்துவம் கல்லையும் பவளத்தையும் முத்தையும் எடுத்தது உண்மை. எடுத்து, சுத்தி செய்து, அரைத்து, புடமிட்டுப் பற்பமாக்கி உள்ளுக்குக் கொடுத்தது. அது நல்லதா கெட்டதா என்று சோதிக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது, அந்த வாதம் வேறு. சக்கரத்தின்மேல் கல்லை வைத்துக் கால் மணி நேரம் படுக்கவைப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதைவிடப் பெரிய புரட்டு ஒன்று இருக்கிறது. அந்த நூல்களின்படி குண்டலினி மூலாதாரத்தில் உறங்குவது நோயில்லை. எல்லோருக்கும் பிறவியிலிருந்து அப்படித்தான். ராஜாவுக்கும் உறக்கம், பிச்சைக்காரனுக்கும் உறக்கம். யோகி அதை எழுப்பி, அந்த இடத்தை விட்டுக் கிளப்பி, மேலே ஏற்ற வேண்டும். உலகப் பற்று என்ற நிலத்திலிருந்து விடுபடுவதற்கான ஏற்பாடு அது. இன்றைய ஹீலர் செய்வது நேர் எதிர். “கிரவுண்டிங்” என்கிறார். நிலத்தில் ஊன்று, பணம் தங்கும், வேலை நிலைக்கும், வீடு அமையும் என்கிறார். பற்றை அறுக்கச் சொன்ன படத்தை வைத்துக்கொண்டு பற்றுக்கு உரம் போடுகிற இந்தக் காரியத்தைத் திருமூலர் பார்த்தால் சிரிப்பாரா, சபிப்பாரா தெரியாது. தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கமாட்டார்.

அப்படியானால் அந்த வானவில் அட்டை எங்கிருந்து வந்தது? இதற்குத் தெளிவான வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான கட்டம் நம் சென்னையிலேயே நடந்தது.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலோன் என்ற புனைபெயரில் 1919இல் பூர்ணானந்தரின் நூலை ‘சர்ப்பெண்ட் பவர்’ என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மேற்கத்தியருக்குச் சக்கரம் அறிமுகமானது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். உட்ராஃபாவது நூலில் இருந்ததை மொழிபெயர்த்தார். அவருக்குப் பிறகு வந்த லெட்பீட்டருக்கு நூலே தேவைப்படவில்லை. இங்கிலாந்தில் ஆங்கிலிகன் பாதிரியாராக இருந்து பிரம்மஞான சபைக்கு வந்தவர் அவர். அடையாறு கடற்கரையில் 1909இல் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைக் ‘கண்டெடுத்தவர்’ இவர்தான். தனக்கு ஞானதிருஷ்டி உண்டு, சக்கரங்களை நேரிலேயே பார்க்கிறேன் என்று சொல்லி ‘தி சக்ராஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். சபையின் அடையாறு பதிப்பகம் அதை 1927இல் வெளியிட்டது. வண்ணப் படங்களோடு வந்த அந்தப் புத்தகத்தில் மூலாதாரம் நெருப்பு போன்ற ஆரஞ்சுச் சிவப்பு. இந்திய நூல்களோடு தன் காட்சி பொருந்தவில்லை என்பது அவருக்கே தெரியும். பால் உறுப்புக்கு அருகில் இருக்கும் சுவாதிட்டானம் அவருக்குச் சங்கடமாக இருந்தது. அதை எழுப்புவது ஆபத்து என்று தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு மண்ணீரல் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தார். விக்டோரியா காலத்து வெட்கம் ஒரு சக்கரத்தையே இடம் மாற்றியது.

ஆனாலும் லெட்பீட்டரிடம்கூட இன்றைய வானவில் வரிசை முழுதாக இல்லை. அவருடைய இதயம் பொன்னிறம். வானவில் கச்சிதமாகப் பொருந்தியது 1960களிலும் 70களிலும், இங்கிலாந்திலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த புதுயுக ஆன்மிகக்காரர்கள் கையில். கிறிஸ்டோபர் ஹில்ஸ் என்ற ஆங்கிலேயர் 1968இல் வெளியிட்டு 1977இல் பெரிதாக்கிய ‘நியூக்ளியர் எவல்யூஷன்’ என்ற நூல் ஏழு நிறங்களை ஏழு சக்கரங்களோடு வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனநிலையையும் ஒதுக்கியது. 1987இல் வந்த அனோடியா ஜூடித்தின் ‘வீல்ஸ் ஆஃப் லைஃப்’ போன்ற புத்தகங்கள் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. இந்தப் பரம்பரையை கர்ட் லெலாண்ட் என்பவர் 2016இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிவிட்டார். லெலாண்ட் பிரம்மஞானத்துக்கு எதிரி கிடையாது, உள்ளிருந்தே எழுதியவர்.

அந்த ஏழு நிறங்களும் எங்கே பிடித்தவை என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. முப்பட்டகத்தில் ஒளியைப் பிரித்த நியூட்டன் முதலில் ஐந்து முக்கிய நிறங்களைத்தான் சொன்னார். இசையில் ஏழு சுரம் இருக்கிறதே என்று ஆரஞ்சையும் இண்டிகோவையும் பிறகு நுழைத்து ஏழாக்கினார். 1704இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் அது நிலைபெற்றது. ஆக, ஐரோப்பிய இசைக்காக ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கூட்டிய கணக்கை, இன்னொரு ஆங்கிலேயர் நம் சக்கரத்தில் ஒட்டி, அமெரிக்காவில் அச்சடித்து நமக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை வாங்கி ‘சித்தர் ரகசியம்’ என்று பெயர் மாற்றி விற்கிறோம். வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காக நான் இதை மறுக்கவில்லை. மிளகாயும் வெளிநாட்டுச் சரக்குதான், அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் மிளகாயை அகத்தியர் கண்டுபிடித்தார் என்று யாரும் சொல்வதில்லையே.

அடுத்து விஞ்ஞானம். நிறத்தால் நோய் தீர்க்கும் ஆசை மேற்கில் பழையது. 1876இல் அமெரிக்கத் தளபதி பிளெசன்டன் நீலக் கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கு அபார சக்தி உண்டென்று புத்தகம் போட, வீட்டு ஜன்னல்களில் நீலக் கண்ணாடி மாட்டும் பைத்தியமே பிடித்தது. 1878இல் எட்வின் பேபிட் நிறத்துக்கும் உறுப்புக்கும் பட்டியல் போட்டார். பிறகு நம்மூர்க்காரர் ஒருவர் களத்தில் குதித்தார். 1873இல் பம்பாயில் பிறந்த பார்சி, தின்ஷா கடியாலி. அமெரிக்காவுக்குப் போய் 1920இல் ‘ஸ்பெக்ட்ரோ-குரோம்’ என்ற கருவியை இறக்கினார். ஒரு பெட்டி, உள்ளே சக்திவாய்ந்த பல்பு, முன்னால் மாற்றி மாற்றிப் போட நிறக் கண்ணாடிகள். நோயாளி உடையைக் களைந்து, தலையை வடக்கே வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டும். வடக்கே தலை வைக்காதே என்று நம் பாட்டிகள் தலைப்பாடாக அடித்துக்கொள்ளும் ஊரில் இதுவும் இந்திய ஞானம் என்றுதான் விலைபோகும். நியூ ஜெர்சியில் நடந்த நீண்ட விசாரணையின் முடிவில், 1947இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 20,000 டாலர் அபராதம் விதித்தது. ஒளியும் நிறமும் பற்றிய அவருடைய சரக்கு இன்றைய கலர் தெரபி வகுப்புகளில் வேறு பெயரில் உலவுகிறது.

நிறமுள்ள ஒளியால் உடலில் ஒன்றும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. நடக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால் கல்-கலர் வித்தையின் வெறுமை தெரிந்துவிடும். 1950களின் நடுவில் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்துவந்த வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வெளுப்பதைக் கவனித்தார். ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றது. மருத்துவர்கள் முதலில் லேசாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு வெயிலில் கிடந்துவிட்ட ஒரு ரத்த மாதிரிக் குப்பியில், மஞ்சள் நிறம் தரும் பிலிரூபினின் அளவு எதிர்பாராமல் குறைந்திருப்பது தெரிந்தது. 1958இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் பிள்ளையைப் போட்டிருப்பார்கள். ஏன் நீலம்? 460 நானோமீட்டர் அளவில் உள்ள ஒளியைப் பிலிரூபின் மூலக்கூறு உறிஞ்சி வடிவம் மாறுகிறது, மாறிய பின் உடல் அதைக் கழிவாக வெளியேற்ற முடிகிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் விளக்கு, தினம் ரத்தத்தில் அளவு என்ன, எப்போது நிறுத்துவது, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தொண்டைச் சக்கரம் நீலம் என்பதற்காக அந்த விளக்கு எரியவில்லை. இதே கேள்விகளை மூலாதாரத்தின் சிவப்பிடம் கேளுங்கள். எந்த மூலக்கூறு? எவ்வளவு ஒளி? எதை அளந்து நிறுத்துவது? பதிலுக்கு “அதிர்வு” என்ற ஒரு சொல் வரும்.

அந்த அதிர்வுக் கணக்கையும் பார்த்துவிடலாம். சிவப்பு ஒளி விநாடிக்கு 400 லட்சம் கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. அதே மூலாதாரத்துக்கு 396 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேளுங்கள் என்று இன்னொரு ஹீலர் பாட்டு விற்கிறார். ஒரு சக்கரத்துக்கு இந்த இரண்டுமே சரியான அதிர்வு என்றால், சரியில்லாத அதிர்வு என்று எதைச் சொல்வது? படிகக் கல்லின் அதிர்வு என்பார்கள். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் 1880இல் காட்டியது உண்மை. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் சின்னக் குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிர்வதும் உண்மை. அது அதிர்வதற்குப் பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். கல் தானாகச் சக்தி தருமென்றால் நாம் ஏன் கடிகாரக் கடைக்கு அலைகிறோம்?

கல்லின் நிறம் என்று நாம் நினைப்பதும் பல நேரம் கல்லினுடையது இல்லை. உச்சந்தலைச் சக்கரத்துக்கு ஊதா அமெதிஸ்ட், தொப்புளுக்கு மஞ்சள் சிட்ரின் என்று பிரித்து விற்கிறார்கள். சந்தையில் உள்ள சிட்ரினில் பெரும்பகுதி, அமெதிஸ்டை உலையில் ஏறக்குறைய 450 டிகிரிக்குமேல் சூடாக்கி மஞ்சளாக்கியது. இரண்டுமே குவார்ட்ஸ், இரண்டிலும் நிறம் தருவது துளி இரும்பு. அடுப்பிலிருந்து இறக்கிய உடன் அந்தக் கல் உச்சியிலிருந்து தொப்புளுக்கு இறங்கிவிட்டதா? ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊர்க்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அகேட்டைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, கந்தக அமிலத்தில் போட்டுக் கறுப்பாக்கினார்கள். இரும்பு உப்பில் ஊறவைத்துச் சுட்டுச் சிவப்பாக்கினார்கள். ‘செவன் சக்ரா பிரேஸ்லெட்’ ஒன்றைக் கையில் எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். மலிவுச் சரக்காக இருந்தால், நூல் போகும் துளையின் விளிம்பிலும் மெல்லிய வெடிப்புகளிலும் சாயம் திட்டாகத் தேங்கியிருக்கும். பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுத் தேய்த்தால் சில மணிகள் பஞ்சிலேயே தங்கள் சக்தியை இறக்கிவிடும். செர்ரி குவார்ட்ஸ் என்று விற்கப்படும் சிவப்பு மணியில் காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. ராசிக்கல் விற்ற கடையே இப்போது சக்கரக் கல்லும் விற்கிறது. நேற்று செவ்வாய் தோஷத்துக்கும் சூரிய பலத்துக்கும் கொடுத்த சிவப்புக் கல்லை இன்று அதே தட்டிலிருந்து மூலாதாரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். இந்த வாரம் எந்தச் சாத்திரம் ஓடுகிறதோ அந்தச் சாத்திரம்.

சிவப்புக் கல் என்றால் நம் மண்ணில் மூத்தது சூதுபவளம், வெளியூரில் கார்னீலியன். கொடுமணலிலும் கீழடியிலும் தோண்டி எடுத்த மணிகளில் அது உண்டு. சங்க காலத்துப் பெண் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், வணிகன் கப்பலேற்றினான், அழகுக்கு அழகு, காசுக்குக் காசு. இந்தக் கல்லின் பெரிய பட்டறை அன்றும் இன்றும் குஜராத். நர்மதை ஓரத்து ரத்தன்பூர் பக்கம் தோண்டும் மங்கலான கல், கம்பாத் ஊருக்கு வருகிறது. வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் அடுக்கி, மரத்தூளோ வறட்டியோ போட்டு மெதுவாகச் சுடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்பு சூட்டில் மாறிச் சிவக்கும். பிறகு, தரையில் சாய்த்து நட்ட இரும்புக் கூர்மேல் கல்லை வைத்து, மாட்டுக் கொம்புத் தலை போட்ட சுத்தியால் தட்டித் தட்டிச் செதுக்குவார்கள். ஹரப்பா காலத்திலிருந்து வந்த கைத்திறன் என்று தொல்லியலாளர்கள் அங்கே போய் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சாணைச் சக்கரம். மின்சாரத்தில் சுழலும் சாணையில் மணியை அழுத்திப் பிடித்தால் புகைபோல எழுவது பொடித்த சிலிக்கா. பெரும்பாலும் வீட்டுக்குள்ளோ வாசலிலோ வேலை நடக்கும், பெண்களும் பிள்ளைகளும் அதே காற்றைச் சுவாசிப்பார்கள். சிலிக்கோசிஸ் வந்த நுரையீரல் திரும்பச் சரியாகாது, காசநோயும் எளிதில் ஏறிக்கொள்ளும். கம்பாத்தின் இந்த நோயை அகமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்து, தூசியை உறிஞ்சும் கருவிகளையும் பரிசோதித்தது. தொழிற்சாலைச் சட்டம் 1948இன் நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருந்தது. வீட்டுப் பட்டறை தொழிற்சாலை ஆகாது, ஆகவே அந்தச் சட்டம் அவர்கள் வாசற்படி ஏறியதில்லை. பயம் போக்கி, பாதுகாப்பு உணர்வு தரும் என்று நம் கையில் கொடுக்கப்படும் கல்லின் பின்கதை இது. கெடுதல் ஒன்றும் இல்லையே என்கிறவர்கள் முதலில் இங்கே பதில் சொல்ல வேண்டும்.

“ஆனால் எனக்கு நல்லா இருக்கே” என்பவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். மங்கிய வெளிச்சம், சாம்பிராணி வாசனை, ஒரு மணி நேரம் போன் இல்லை, ஒருவர் பொறுமையாக நம் கஷ்டத்தைக் கேட்கிறார். இதில் யாருக்குத்தான் நன்றாக இருக்காது? அதில் கல்லின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் இதைச் சோதித்து 2001இல் முடிவைச் சொன்னார். 80 பேரிடம் கல்லைக் கொடுத்துத் தியானிக்கச் சொன்னார்கள், சிலருக்கு அசல் குவார்ட்ஸ், சிலருக்குப் போலி. கூச்சம், வெப்பம், மன அமைதி என்று சொல்லப்பட்ட எல்லா உணர்வும் இரு சாராருக்கும் ஒரே மாதிரி வந்தது. என்ன உணர்வீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால் உணர்வு கூடியது. அமைதியைக் கல்லில்லாமலேயே வாங்கிக்கொள்ளலாம், விலையும் குறையும்.

என் கோபம் கல்லைவிட அந்த நோய்ப்பெயர் மேல்தான். வாடகை ஏறிவிட்டது, வட்டி கட்ட முடியவில்லை, ஒப்பந்த வேலை மார்ச்சோடு முடிகிறது என்று பயப்படுகிறவரிடம், உன் பயம் உன் இடுப்படியில் இருக்கும் அடைப்பால் வருகிறது என்று சொல்வது என்ன வைத்தியம்? வீட்டுக்காரர் தப்பித்தார், கந்துவட்டிக்காரர் தப்பித்தார், முதலாளி தப்பித்தார். குற்றவாளி நோயாளியின் முதுகெலும்பு. அசதி என்று வரும் பெண்ணுக்கும் அதே பதில். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அவர்களுக்குக் குறைந்திருக்கும் சிவப்பு ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தால் தெரிந்துவிடும், இரும்புச்சத்து மாத்திரை இலவசம். அதைச் சொல்லாமல் சிவப்புச் சேலை கட்டச் சொல்வதைக் கெடுதல் இல்லாத காரியம் என்று எப்படி ஒத்துக்கொள்வது?

சட்டம் தூங்கவில்லை, ஆனால் இவர்கள் அதன் பக்கவாட்டில் நழுவுகிறார்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம், வேறு எந்த மாயப் பொருளாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை வைக்கலாம். அதனால் பலகையில் ‘நோய்’ என்று எழுதமாட்டார்கள். ‘எனர்ஜி’, ‘பேலன்ஸ்’, ‘அலைன்மெண்ட்’ என்று எழுதுவார்கள். பலகையில் இல்லாத நோயெல்லாம் பாயில் படுத்த பிறகு காதோடு சொல்லப்படும்: மூலம், மூட்டு வலி, குழந்தையின்மை.

மலத்தில் ரத்தம் போவதை மூலாதாரக் கோளாறு என்று ஆறு மாதம் கல் வைத்து ஓட்டினால், அது வெறும் மூலமா, பெருங்குடல் புற்றுநோயா என்று பார்க்க வேண்டிய ஆறு மாதம் போய்விடும். இன்னொன்றுக்கு ஆறு மாதம்கூடக் கிடையாது. முதுகெலும்பின் கீழ்க்கோடியில் குதிரைவால் மாதிரி ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. இடுப்பு வட்டு பெரிதாகப் பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினால், இடுப்பு வலியோடு இரண்டு காலிலும் பலம் குறையும், சிறுநீர் கழிக்க வராது அல்லது தெரியாமலே போகும், குதிரைச் சேணத்தில் உட்காரும்போது படுகிற இடம் மரத்துப்போகும். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையில் உள்ள அந்த இடம், நூல்கள் மூலாதாரம் என்று குறிக்கும் அதே இடம்தான். அங்கே உணர்ச்சி போனால் சக்கரம் அடைபட்டதா என்று யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே போய், எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் உடனே அறுவை செய்துகொள்ள வேண்டும். அங்கே கணக்கு மணி நேரத்தில்தான். தாமதித்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.